எண்ணெய்ச் சட்டி வைக்காமல் வெங்காயப் பக்கோடா!

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் என்ன கிடைக்கும்? பஸ் டிக்கெட் கிடைக்கும், சில்லறை கிடைக்கும். அன்று என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் எனக்குக் கிடைத்தது எண்ணெய் ஊறிய ஒரு துண்டு நியூஸ் பேப்பர். முகர்ந்து பார்த்தேன். சோம்பு வாசனை, வெங்காய வாசனை. சந்தேகமே இல்லை, பக்கோடா!

2022-ல் அவருக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 52. "பொரிச்சது, வறுத்தது எல்லாத்தையும் குறைச்சுக்கணும் சார்" என்று டாக்டர் சொன்னதும் பெரிய பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆபீஸ் விட்டு வரும் வழியில் டீக்கடையில் நின்று ஒரு பொட்டலம் முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வீட்டுக்கு வந்து நான் கொடுத்த சுண்டலையும் சாப்பிட்டிருக்கிறார்!

கோபம் வந்தது. பேப்பரை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "என்னங்க இது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாயங்காலம் ஆனா நாக்கு கேக்குது. வீட்ல கேட்டா நீ அழுவே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் எங்கே போயிற்றோ! ஒளிந்து தின்ன வைத்தது நான்தானே என்று தோன்றியது. அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், பக்கோடா வீட்டிலேயே வேண்டும், ஆனால் எண்ணெய்ச் சட்டி வேண்டாம் என்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் பெண் வாங்கிக் கொடுத்த ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு தடவை கேக் செய்ததோடு சரி, பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

கடைப் பக்கோடாவில் எனக்கு இருந்த பயம் கொழுப்பு ஒன்று மட்டுமல்ல. ஒரே எண்ணெயைக் காலையிலிருந்து ராத்திரி வரை காய்ச்சுகிறார்களே, அது. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்து, 2018 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விதி இருக்கிறது, சரி. மாலை ஆறு மணிக்குக் கறுத்துப்போன சட்டியை யார் அளந்து பார்க்கிறார்கள்? அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் நியூஸ் பேப்பரில் மடிக்கக் கூடாது என்பதும் அதே ஆணையம் சொன்னதுதான்.

அப்படியானால் வீட்டில் புது எண்ணெயில் பொரித்தால்? அதையும் ஒருநாள் அளந்து பார்த்தேன். அரை லிட்டர் கடலை எண்ணெய் ஊற்றி, ஐந்து பேருக்குப் பக்கோடா போட்டு எடுத்து, ஆறியதும் மறுபடி அளந்தால் ஏறக்குறைய 100 மில்லி குறைந்திருந்தது. கொஞ்சம் ஜல்லிக்கரண்டியிலும் தட்டிலும் போயிருக்கும், மீதி எங்கள் வயிற்றுக்குள்! ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 15 மில்லி, அதில் 120 கலோரி. நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓவனில் இதே அளவுக்கு எனக்குச் செலவாவது இரண்டே மேஜைக்கரண்டி.

ஆனால் இந்த இரண்டு கரண்டிக்கு வந்து சேர நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் தடவை, எண்ணெயில் போடக் கரைக்கிற அதே மாவைக் கிள்ளித் தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ளினேன். அரை மணி கழித்து எடுத்தால் மேலே காய்ந்து வெடித்து, உள்ளே பச்சை மாவு. பையன் ஒன்றைக் கடித்துவிட்டு, "அம்மா, இது பக்கோடா இல்ல, கோபமா இருக்கற பிஸ்கட்" என்றான். இரண்டாம் தடவை மாவைத் தளர்த்தினேன். தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டு, தோசைத் திருப்பியால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை ருசி பரவாயில்லை, ஆனால் சதசதவென்று அவியலாக இருந்தது. ஒரே தட்டில் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருந்தேன்.

என் மாமியார் லால்குடிப் பக்கம். ஓவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மூன்று நாளும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் நாலாம் நாள் அடுப்படிக்கு வந்தார். "வெங்காயத்துலயே ஊருப்பட்ட தண்ணி இருக்கே, நீ எதுக்கும்மா மேல மேல ஊத்தற?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில்தான் எல்லாம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வெங்காயத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பங்கு தண்ணீர். காய்ந்த எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் நாலு பக்கமும் ஒரே சமயத்தில் சூழ்ந்துகொள்வதால், அந்தத் தண்ணீர் சடசடவென்று ஆவியாகி மேல் தோல் உடனே மொறுமொறுப்பாகிவிடுகிறது. ஓவனில் இருப்பதோ வெறும் சூடான காற்று. காற்று எண்ணெயைப் போல வேகமாகச் சூட்டைக் கொடுக்காது. மேலே மொறுமொறுப்பு ஏறுவதற்குள் வெங்காயம் விட்ட தண்ணீரிலேயே மாவு வெந்து களியாகிறது. ஆக, தண்ணீரை முதலிலேயே வெளியேற்றிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் 'கேக்டா பஜி' என்று ஒன்று செய்கிறார்கள். கேக்டா என்றால் நண்டு. வெங்காயச் சீவல்கள் நண்டுக் கால் போல நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலும் உப்புப் போட்ட வெங்காயம் விடும் ஈரத்திலேயே மாவைப் பிசிறுகிறார்கள். நம் தூள் பக்கோடாவுக்கும் இதுதானே கைப்பக்குவம்! நான் ஓவனைப் பார்த்த பிரமிப்பில் இதையெல்லாம் மறந்துபோயிருந்தேன்.

இனி செய்முறை. ஐந்து பேருக்கு மாலைச் சிற்றுண்டி அளவு.

பெரிய வெங்காயம் 400 கிராம், அதாவது நடுத்தரமாக நாலு. மெல்லிசாக நீளவாக்கில் சீவி, இதழ் இதழாக உதிர்த்துக்கொள்ளுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிக் கையால் நன்றாகக் கசக்கி இருபது நிமிஷம் மூடி வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் லேசாகப் பிழிந்து எடுங்கள். கால் டம்ளர் அளவுக்குச் சாறு வரும். மழைக்காலத்தில் வரும் புது வெங்காயம் என்றால் இன்னும் கூட வரும், பழைய சரக்கில் குறையும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்! மாவு ரொம்ப வறண்டு போனால் தெளிக்க அதுதான் வேண்டும், மிச்சத்தை ரசத்தில் விட்டுவிடலாம். உப்பில் ஒரு பகுதி அந்தச் சாற்றோடு போய்விடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். அதற்காக மறுபடி உப்புப் போட வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இருதயக்காரர் இருக்கும் வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டால் என்ன பிரயோசனம்?

கடலை மாவு முக்கால் கப். இதை வெறும் வாணலியில் இளம் சூட்டில் மூன்று நிமிஷம், நிறம் மாறாமல் வாசனை வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரிக்கும்போது பச்சை வாசனை தானாகப் போய்விடும், ஓவனில் போகாது. முதல் தடவை என்னை ஏமாற்றியது இதுவும்தான். அரிசி மாவு இரண்டு மேஜைக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டாக நசுக்கிய சோம்பு ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம். சமையல் சோடா வேண்டாம். மொறுமொறுப்புக்குப் பதில் மெத்தென்று ஆக்கிவிடும்.

ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காய்ச்சி மாவில் ஊற்றிக் கலந்துவிட்டு, பிழிந்த வெங்காயத்தைப் போட்டுப் பிசிறுங்கள். பிசைய வேண்டாம், பிசிற வேண்டும்! ஒவ்வொரு இதழுக்கும் மாவு மேலாடை போல ஒட்டியிருந்தால் போதும். மாவு கொஞ்சமாக இருக்கிறதே என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஓவனில் மாவு அதிகமானால் பிஸ்கட்தான்.

ஓவனை 200 டிகிரியில் வைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி பத்து நிமிஷம் முன்னதாகவே சூடாக்கி வையுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து எண்ணெய் தடவி, வெங்காயத்தை மூன்று விரலால் கிள்ளி, உருட்டாமல் கலைந்த மாதிரியே வையுங்கள். ஒன்றுக்கொன்று விரல்கடை இடைவெளி இருக்கட்டும். ஒரே தட்டில் கொள்ளாது, இரண்டு தடவையாக வைக்க வேண்டியதுதான். மேலே மிச்ச எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்து நடுத்தட்டில் பதினைந்து நிமிஷம். வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு இன்னும் எட்டு, பத்து நிமிஷம். ஓரம் சிவந்து மணம் வந்ததும் ஓவனை அணைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்து ஐந்து நிமிஷம் விட்டுவிடுங்கள். உள்ளே நிற்கும் ஆவி போனால்தான் மொறுமொறுப்பு நிற்கும். ஓவனுக்கு ஓவன் குணம் வேறு, கடைசி ஐந்து நிமிஷம் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒருநாள் போனில் பேசப் போய் அத்தனையும் கருகிக் கசந்துவிட்டது.

மின்சாரக் கவலை வேண்டாம். என்னுடையது 1,400 வாட் ஓவன். முதல் தட்டு முடிய 40 நிமிஷம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மைக்ரோவேவில் இது வெந்து துவண்டுதான் வரும். கன்வெக்ஷன் வசதி இருந்தால் அதில் வையுங்கள். ஏர் ஃபிரையர் உள்ளவர்கள் இதே கலவையை 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிஷம் போல வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிவிடலாம். ஒன்றுமே இல்லாத வீட்டில் பணியாரக் கல் இருக்குமே! குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, சின்னச் சின்னதாக வைத்து, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். மொறுமொறுப்பு சற்றுக் குறைவு, ருசி ஒன்றும் மோசமில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை நாலாக நறுக்கிச் செய்தால் லேசான தித்திப்போடு இதற்கு ரொம்பப் பொருத்தம். உரிக்கத்தான் ஆள் வேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் மிளகாயை விட்டுவிட்டு ஒரு பிடி தனியாகச் செய்து, இரண்டு வயதுக் குழந்தைக்கு நன்றாக நொறுக்கி மோர் சாதத்தில் பிசைந்து கொடுக்கலாம். முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். ஒரு வயதுக்குள் உப்புச் சேர்த்த எதுவும் வேண்டாம்.

சரி, என் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? முதல் நல்ல தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதை எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கோடா இல்ல" என்றார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தை குறுக்கிட்டு, "அதுக்குப் பக்கோடான்னு பேர் வைக்காதே. பேர் வைக்கறதாலதான் கடைப் பக்கோடா ஞாபகம் வருது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஓவன் வெங்காயம்'. நம்புவீர்களோ மாட்டீர்களோ, பெயர் மாறியதும் குறை சொல்வது நின்றுபோயிற்று!

இன்னொரு ஒப்பந்தமும் போட்டோம். டாக்டரையும் கேட்டுக்கொண்டுதான். மாதத்தில் ஒருநாள், புது எண்ணெயில், நானே நிஜப் பக்கோடா போட்டுத் தருவேன். தலைக்கு நாலு. மீந்த எண்ணெயை மறுபடி பொரிக்க எடுக்க மாட்டேன், இரண்டு நாளைக்குள் தாளிக்கத் தீர்த்துவிடுவேன். பதிலுக்கு டீக்கடையில் டீ மட்டும். சட்டைப் பையை நான் இன்னும் பார்க்கத்தான் செய்கிறேன். இதுவரை பேப்பர் கிடைக்கவில்லை. கெட்டிக்காரர், பேப்பரைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிறாரோ என்னவோ! ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து, "வெங்காயம் இருக்கா, வாங்கிட்டு வரணுமா?" என்று அவராகவே போன் செய்கிறார்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்றே. இது எண்ணெயில் பொரித்தது போல ராத்திரி வரை தாங்காது. ஆற ஆறத் துவண்டுவிடும், சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும். மீந்துபோனால் மறுநாள் மோர்க்குழம்பு கொதித்து இறக்கும் சமயத்தில் போட்டு மூடிவிடுங்கள். வடை போட்ட மோர்க்குழம்பைவிட இதற்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.