நாய்க்குட்டியின் இடுப்பு மூட்டு அறுவையும் அதற்குப் பிந்திய பராமரிப்பும்

பெங்களூர் நகரில் லாபரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய பெரிய இன நாய்களை வளர்ப்போர் பலர். இவ்வினக் குட்டிகளிற் சில, ஐந்தாறு மாத வயதில், முயலைப் போல் இரு பின்கால்களையும் ஒருங்கே ஊன்றி ஓடும். படுத்த இடத்தினின்று எழத் தயங்கும். மாடிப்படி ஏற மறுக்கும். வீட்டார் இதனைச் சோம்பல் என்று கருதிவிடுவதுண்டு. ஆனால் இவை இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறைக்கு அறிகுறிகளாக இருக்கலாம். 1935ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியர் ஷ்னெல்லி என்பார் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இந்நோயை விவரித்தார்.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள குழியில் அமர்ந்து சுழல்கிறது. கிண்ணத்தில் இட்ட எலுமிச்சம்பழம் அசைந்தாலும் வெளியேறாது. தட்டில் இட்டது உருண்டோடும். இந்நோயில் கிண்ணம் தட்டாகி விடுகிறது எனலாம். (ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் செய்து காட்டலாம், செலவு ஒரு பழந்தான்.) பிறக்கும்போது மூட்டு செம்மையாகவே இருக்கும். பரம்பரைக் கூற்றினால் மூட்டு தளர்ந்து, தலை நிலையாக அமராமற் போகவே, குழியும் ஆழமாக வளர்வதில்லை. குட்டியைக் கொழுக்க வளர்ப்பது நோயை மிகுவிக்கும். முதோள் நாயை ஒத்த மெலிந்த உடலமைப்புடைய கிரேஹவுண்டு இனத்தில் இந்நோய் மிக அரிது.

ஹெப்பாளில் 1958இல் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், மூட்டைத் தொட்டுச் சோதித்தும் எக்ஸ்ரே எடுத்தும் நோயை உறுதி செய்வர். அறுவை முறைகள் பல. வளரும் குட்டிக்கு இடுப்பெலும்பை வெட்டிக் குழியைத் திருப்பி அமைப்பது ஒன்று. தொடை எலும்பின் தலையையே நீக்கிவிடுவது மற்றொன்று.

இவ்விரண்டிற்கும் பிந்திய பராமரிப்பு ஒன்றன்று. இங்குதான் வீட்டார் பெரும்பாலும் இடறுகின்றனர். எலும்பை வெட்டிப் பொருத்திய குட்டிக்கு, எலும்பு கூடும்வரை, பல வாரங்கள் கட்டுப்பாடான ஓய்வு வேண்டும். தலை நீக்கப்பட்ட குட்டிக்கோ, அவ்விடத்தில் நார்த்திசு வளர்ந்து ஒரு புதிய மூட்டுப் போல் அமைய வேண்டியுள்ளது. கால் அசைந்தால்தான் அது மடங்கும் தன்மையோடு அமையும். குட்டி முனகுகிறதே என்று இரங்கித் தூக்கிக்கொண்டே திரிந்தால், தசை சூம்பி, மூட்டும் இறுகிவிடும். ஆகவே மருத்துவர் குறித்த நாளிலிருந்து, கயிற்றிற் பிடித்து மெதுவாக நடத்துவிக்க வேண்டும். விரைந்து ஓடுங்கால் குட்டி நோயுற்ற காலைத் தூக்கிக்கொள்ளும். மெல்ல நடக்கையில் அதனை ஊன்றும். தொடக்கத்தில் விரல் நுனி தரையைத் தொடுவதே நல்ல அறிகுறி. தசை மீள மாதங்கள் செல்லும்.

வலி மிகுந்தால் குட்டி நடக்காது. எனவே வலி மருந்தைத் தவறாது கொடுக்க வேண்டும். எனினும் வீட்டிலுள்ள பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கலாகாது. அவை நாய்க்கு நஞ்சாகக் கூடும். பெங்களூர் வீடுகளின் வழுவழுப்பான கிரானைட் தரையும் இக்குட்டிக்குப் பகையே. அது நடமாடும் இடமெங்கும் கோணிச் சாக்கை, சுருண்டு நகராதவாறு, விரித்து வைத்தல் நலம்.

உணவைக் குறைத்து, விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவில் உடலை வைத்திருக்க வேண்டும். நடை முற்றும் சீர்ப்பட்டாலும் பரம்பரைக் கூறு மாறுவதில்லையாதலால், அந்நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது.