காடியில் நிற்கும் செல்போன்

ஒரு மரக்கட்டை, அதில் சாய்வாக ஒரு காடி. செல்போனை நிறுத்திவைக்க இவ்வளவு போதும். ரம்பம், உளி, உப்புத்தாள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் காடியை எங்கே, எந்தக் கட்டையில், எந்தப் பக்கமாக வெட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினால் மரம் பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் எங்கே என்பதைப் பார்ப்போம். 15 செ.மீ. உயரமும் 200 கிராம் எடையும் உள்ள ஒரு போன் நேர்க்குத்திலிருந்து 20 டிகிரி பின்னால் சாய்ந்து நிற்கிறது. அதன் ஈர்ப்பு மையம் காடியிலிருந்து இரண்டரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. அதனால் காடியை நடுவில் வெட்டாமல் முன்பக்கம் தள்ளி வெட்டி, பின்னால் 6 செ.மீ.யாவது கட்டையை விட வேண்டும். பார்ப்பதற்கு ஒருபக்கமாக இருக்கும். அந்த ஒருபக்கம்தான் அழகு என்பேன்.

காடியின் ஆழம் ஒன்றரை செ.மீ. என்றால் போன் ஒரு கடப்பாரையாகிவிடுகிறது. பின்விளிம்புதான் அதற்குத் தாங்குபுள்ளி. திரையின் மேல்முனையில் விரல் 50 கிராம் அளவுக்கு அழுத்தினால், கீழ்முனை 450 கிராம் விசையோடு காடியின் முன்சுவரை உந்தும். ஒன்பது மடங்கு! முன்சுவரை ஒரு செ.மீ. கனத்துக்குக் குறைக்காதீர்கள்.

அந்தச் சுவரின் பலம் நார் ஓடும் திசையைப் பொறுத்தது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. நார் வழியே இழுத்தால் தாங்கும் விசையில் இருபதில் ஒரு பங்கைக்கூட, குறுக்கே இழுத்தால் பல மரங்கள் தாங்குவதில்லை. நாருக்குக் குறுக்கே காடி வெட்டுவது சுகமான வேலை. ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்து நடுவில் உளியை வைத்து லேசாகத் தட்டினால், அறுபட்ட நார்கள் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். ஆனால் முன்சுவரில் மிஞ்சுவது ஒரு செ.மீ. நீளத் துண்டு நார்கள்தான். கட்டை மேசையிலிருந்து விழுந்தால் மூலை பிய்ந்துவிடும். நார் வழியே வெட்டினால் உளி நாரோடு வழுக்கிக்கொண்டு நினையாத இடத்துக்கு ஓடப் பார்க்கும். ஆனாலும் சுவரின் முழு நீளத்துக்கும் நார் அறாமல் ஓடும். எனக்கு இரண்டாவதுதான் சம்மதம்.

தோட்டத்தில் வெட்டிய பச்சைக் கிளையை வட்டமாக அறுத்து அதில் காடி போட்டால் எவ்வளவு அழகு என்று தோன்றும். சில வாரங்களில் அந்த வட்டம் விளிம்பிலிருந்து மையம்வரை வெடித்துவிடும். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாய்களின் உள்ளே நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் 30 விழுக்காடு அளவுக்கு இறங்கியபின் குழாய்ச் சுவர்களுக்குள் ஊறிய நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் வருகிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மையத்திலிருந்து பட்டைப் பக்கமாகப் பல மரங்களில் சுமார் 4 விழுக்காடு. வளையங்களைச் சுற்றியோ சுமார் 8. சுற்றளவு 8 குறைய, ஆரம் 4 மட்டுமே குறைந்தால் வட்டம் மூடாது. கணக்குப் போட்டால் 15 டிகிரி இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளிதான் வெடிப்பு.

ஜப்பானியத் தச்சர்கள் இதை எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. மையத்தை உள்ளடக்கிய தூணின் மறைவான ஒரு பக்கத்தில் மையம்வரை தாங்களே ஒரு வெட்டுப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு 'செவாரி' என்று பெயர். மரம் காயும்போது அந்த வெட்டு மட்டும் அகலும். கண்ணில் படும் முகங்கள் பிழைத்துக்கொள்ளும். பச்சைக் கிளையில் மையத்தைத் தொடும்படி நாம் வெட்டும் காடியும் இதே வேலையைச் செய்துவிடும். கிளை வெடிக்காமல் தப்பலாம், போன்தான் தொளதொளவென்று ஆடும்.

பழைய கதவு, நிலை விற்கும் கடையில் கிடைக்கும் தேக்குத் துண்டு நிம்மதி. பல வருடம் காய்ந்தது. தேக்கின் மொத்தச் சுருக்கமே ஆரத்தில் சுமார் 2.5, சுற்றில் சுமார் 6 விழுக்காடுதான்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளே போவதும் வெளியே வருவதும் மெதுவாகும். அந்த எண்ணெய் உலர்வது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால். அப்போது வெப்பம் வெளிவரும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.