மூன்றில் ஒரு பங்கு

சென்ற வாரம் கொற்கையில் நின்றோம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, பாண்டியரின் அந்தத் துறைமுகம் வயற்காடானது. வியாபாரம் பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் நகர்ந்து, கடைசியில் தூத்துக்குடியில் நிலைத்தது. ஊர்தான் மாறியது, தொழில் மாறவில்லை. மூச்சடக்கிக் கடலுக்குள் முங்கி, பாறைத்திட்டில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியைப் பெயர்த்து எடுக்கும் அதே தொழில்தான். அந்தத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள்.

மதுரையின் கலைக்கு நாயக்கர் கொடுத்தார்கள், தஞ்சையின் கலைக்குச் சோழரும் மராட்டியரும் கொடுத்தார்கள். தூத்துக்குடியில் உட்கார்ந்து ஆண்ட அரசன் என்று யாரும் இல்லை. இந்த ஊரின் பெருமைக்குரிய பலவும் கடலில் இறங்கியவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்ததால் உண்டானவை. அந்தப் பங்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும்.

அந்தக் காலத்தில் முத்துக்குளி அறிவித்ததும் தோணிகள் விடியுமுன் பாருக்குப் புறப்படும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள், முறை வைத்து இறங்குவார்கள். கயிறு கட்டிய கல்லில் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டால், கல்லின் கனம் ஆளைச் சில நொடிகளில் அடிக்குக் கொண்டுபோய்விடும். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிடம் போல மூச்சு நிற்கும். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவன் இழுப்பான். அவன் ஒரு கணம் கண் அயர்ந்தால் கீழே இருப்பவன் உயிர் இல்லை. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கும் கூலி உண்டு. மார்க்கோ போலோவே இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

கரைக்கு வந்த சிப்பியை அங்கேயே திறந்து பார்க்க முடியாது. வேலி அடைத்த 'கொட்டு'க்குள் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்த பிறகு கழுவிக் கழுவி அடியில் தங்குவதைத் தேடுவார்கள். கிடைத்த முத்தைத் துளைகள் சிறுத்துக்கொண்டே போகும் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, ஆணிமுத்து தொடங்கித் தூள் வரை தரம் பிரிப்பார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. அதை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். மீதி ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு. பாண்டியருக்கும் நாயக்கருக்கும் போர்ச்சுகீசியருக்கும் ஒல்லாந்தருக்கும் இதேபோல் ஏதோ ஒரு வகையில் பங்கு போய்க்கொண்டே இருந்தது. போதாததற்கு, சில சமயம் ஆண்டுக்கணக்கில் சிப்பி விளையாமல் பார் வெறுமையாகக் கிடக்கும்.

இப்படிப் பிழைத்த பரதவர்கள்தான் தமிழில் புத்தகம் அச்சிடப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542ல் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் 1546ல் இந்தியாவுக்கு வந்த அன்றிக் அடிகளார், புன்னைக்காயலை மையமாக வைத்து இந்தக் கரையிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழ் கற்று, போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். அவருடைய நூல்கள் அச்சாவதற்கு முன்பே, 1554ல், லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபப் புத்தகம் வந்திருந்தது. ஆனால் அது ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது, 16 பக்கம். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூலும் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586ல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூலான 'அடியார் வரலாறு'. 1600ல் இறந்த அன்றிக் அடிகளாரைத் தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்தார்கள்.

அச்சு என்றதும் பாதிரியார் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எழுத்தை வார்க்கவும் காகிதம் வாங்கவும் ஆன செலவு சிப்பி அறுத்த கைகளிலிருந்து வந்தது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் கடப்பது எனக்குப் பெரும் ஆதங்கம்.

1658ல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் புராட்டஸ்டன்ட்கள். பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்க முயன்றும் நடக்கவில்லை. அந்த ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, 1713 ஆகஸ்ட் 5ல், பனிமய மாதா கோயில் அர்ச்சிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் அவள் தஸ்நேவிஸ் மாதா. 1806ல் தங்கத்தேர் ஓடியது. ஆண்டுதோறும் இழுக்கிற தேர் இல்லை அது, முக்கியமான ஆண்டுகளில் மட்டும்தான் வெளியே வரும். கோயிலின் 300ஆம் ஆண்டான 2013லும், பிறகு 2023லும் வந்தது. வடம் பிடிப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

கலைக்கும் இந்தக் கரை ஆட்களைக் கொடுத்தது. நாடகத்தில் தமிழ்நாட்டுக்கே வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், 1867ல். நகைச்சுவை நடிகர் சந்திரபாபு பிறந்ததும் தூத்துக்குடியில்தான். 'ஜே.பி.' என்ற அவருடைய முன்னெழுத்தில் 'பி' பனிமயதாஸ். பரதவர் வாழ்வைப் பேசும் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் 2013ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளி நடந்தது 1961ல். 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி குழுவினர் இங்கே சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் பாருக்கு முத்து திரும்பவில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் முங்குகிறார்கள். வங்காளப் பெண்களின் கல்யாண வளையல் அந்தச் சங்கில் அறுத்ததுதான்.

'தம்பிரான் வணக்கம்' நூலின் பிரதி இப்போது அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' நூலை 1967ல் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் மறுபடி வெளியிட்டது. இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பில் தமிழ் அச்சின் கதையைச் சொல்லும்போது, கொல்லம், கொச்சி, தரங்கம்பாடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். புன்னைக்காயலையும் சொல்லுங்கள், பணம் கொடுத்த குளியாட்களையும் சொல்லுங்கள்.

(தொடரும்)