யோசனை சொல்லும் யந்திரம்

பதினொரு வருஷம் சளைக்காமல் உழைத்த எங்கள் வீட்டுக் கிரைண்டர், சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை 'கர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நிரந்தரமாக ஓய்ந்துபோயிற்று. முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால், என் மனைவி எதிர் வீட்டு அம்மாளைக் கேட்பாள். அந்த அம்மாள் தம் நாத்தனாரைக் கேட்பார். மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு நான் கடைக்குப் புறப்படுவேன். இந்தத் தடவை என் பெண் கைபேசியை எடுத்து, எங்கள் வீட்டுக்கு ஏற்ற கிரைண்டர் எது என்று அதனிடமே கேட்டுவிட்டாள்.

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. முதலில், நல்ல கேள்வி கேட்டதாக அவளைப் பாராட்டிற்று. வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள் அரைப்பது என்றெல்லாம் பரிவோடு விசாரித்தது. பிறகு ஒரு கிரைண்டரின் பெயரைச் சொல்லிற்று. அதை வாங்கப் போன இணையக் கடையில், "இன்னும் இரண்டே பாக்கி" என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை! பணம் கட்டும் தறுவாயில் பார்த்தால், நாங்கள் கேளாத உத்தரவாதத் திட்டம் ஒன்று தானாகவே கணக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. நல்ல வேளையாக அது என் மனைவியின் கண்ணில் பட்டது.

"கடைக்காரர் இப்படிச் செய்திருந்தால் நேரே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஏறக்குறைய அறுபது வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு பேராசிரியரும் தாம் செய்த யந்திரத்தின் முன் இதைப் போன்றதொரு சங்கடத்தில் திகைத்து நின்றார்.

அவர் பெயர் ஜோஸப் வைஸன்பாம். 1923-ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1936-ல் அமெரிக்கா சேர்ந்தவர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றுகையில், மனிதரோடு எழுத்து மூலம் சம்பாஷிக்கும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை இயற்றி, 1966-ல் அதன் விவரத்தைப் பிரசுரித்தார். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் வரும் பூக்காரப் பெண்ணின் பெயரை வைத்து அதற்கு 'எலிஸா' என்று நாமகரணம் செய்தார்.

எலிஸாவின் சாமர்த்தியம் சொற்பமே. நாம் எழுதும் வாக்கியத்தில் சில சொற்களைத் தேடிப் பிடித்து, அவற்றையே கேள்வியாகத் திருப்பிவிடும். தாயாரைப் பற்றி எழுதினால் குடும்ப விவரம் விசாரிக்கும். ஒன்றும் அகப்படாவிட்டால் மேலே சொல்லும்படி தூண்டும். மனோவைத்தியர் ஒருவர் பேசும் பாணி அது. ஆனால் பேச்சின் அர்த்தம் அதற்கு ஒரு சிறிதும் தெரியாது. பேராசிரியரின் காரியதரிசியான பெண்மணி இதை நன்றாக அறிந்தவர். பல மாதங்கள் அவர் அதை அமைத்ததைக் கண்ணால் கண்டவர். அப்படியிருந்தும், எலிஸாவோடு சில வாக்கியங்கள் பேசியதுமே, அறையை விட்டுச் சற்று வெளியே போகும்படி பேராசிரியரையே கேட்டுக்கொண்டாராம்! அந்தரங்கம் பேசுமிடத்தில் அந்நியருக்கு என்ன வேலை?

வைஸன்பாம் இதைக் கண்டு சிரிக்கவில்லை, கலங்கினார். 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார். தீர்மானிப்பது வேறு, தேர்ந்துகொள்வது வேறு என்பது அவர் கட்சி. தீர்மானம் கணக்கினால் வருவது; அதை யந்திரம் செய்யலாம். தேர்ந்துகொள்வதோ, வாழ்ந்து அடிபட்டு, அன்பு செலுத்தி, பொறுப்பேற்றுப் பழகிய மனத்தின் காரியம். அதை யந்திரத்தால் செய்ய முடியுமா என்பதல்ல, செய்யவிடலாமா என்பதே கேள்வி என்றார் அவர்.

எலிஸாவுக்கும் இன்றைய செயற்கை அறிவுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை, அளவிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று ஊகிக்கக் கற்றவை. பார்வையற்றவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டவும், புரியாத சர்க்கார் நோட்டீஸை விளக்கவும் அவை உதவுகின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால், எலிஸாவிடம் விற்பதற்குச் சரக்கு ஒன்றும் இருக்கவில்லை.

விற்கும் வித்தை தனியாக வளர்ந்து வந்தது. ஒரு பொருளை வாங்கியவர்கள் அதனோடு வேறு எதை வாங்குகிறார்கள் என்று கணக்கிட்டுச் சிபாரிசு செய்யும் முறையை, 2003-ல் அமேஸான் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். பேசும் வித்தையும் விற்கும் வித்தையும் கைகோத்துக்கொண்டால், நண்பர் எங்கே முடிகிறார், தரகர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று எப்படிக் கண்டுகொள்வது?

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் எங்கள் வீட்டு வழக்கமெல்லாம் அத்துபடி. ஆனால் அவரை நாங்களும் அறிவோம். அவருக்கு லாபம் எதில் என்பதும் தெரியும். "இந்தப் பருப்பு சரியாக வேகவில்லை சார், அடுத்த மூட்டை வரட்டும்" என்று அவரே தடுத்ததும் உண்டு. யந்திரமோ நம்மை அறியும்; அதை நாம் அறியோம்.

என் மனைவியின் கேள்விக்குச் சட்டம் பாதி பதில் சொல்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட தந்திரங்களில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. பொய் அவசரம் காட்டுவதும், கேளாததைக் கணக்கில் சேர்ப்பதும் அவற்றில் அடங்கும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் முறையிடலாம்.

மற்றப் பாதி எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை என் வகுப்பில்தான் கண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை 'என் பாட்டி' என்று வியாசம் எழுதச் சொல்லியிருந்தேன். ஐந்து நோட்டுப் புத்தகங்களில் ஒரே பாட்டி! ஐவரும் நிலா வெளிச்சத்தில் கதை சொன்னார்கள். ஐவர் கண்களிலும் கருணை பொழிந்தது. அந்த ஐவரில் ஒருவனுடைய பாட்டியை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு அருகே விடியற்காலையில் இட்லி விற்று அவனைப் படிக்க வைப்பவள். கதை சொல்ல அவளுக்கு நேரம் ஏது? அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன்.

"போன் எழுதினது நல்லா இருந்துச்சு சார். எங்க பாட்டியைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்றான்.

கிரைண்டர் விஷயத்தில் ஏமாந்தால் சில நூறு ரூபாய் நஷ்டம். தன் பாட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், அந்த நஷ்டத்தை எந்த எண்ணில் முறையிடுவது?

மறுநாள் அவன் பன்னிரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தான். பாட்டி மூன்று மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமலே, மாவு புளித்துவிட்டதா என்று வாசனையால் கண்டுபிடிப்பாளாம். பிழைகளைத் திருத்தினேன், வேறு ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

எங்கள் கிரைண்டர் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அந்தப் பாட்டியிடமே யோசனை கேட்டேன். அவள் இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"பேரைப் பாக்காதீங்க வாத்தியாரே. ரிப்பேர் ஆனா சரி பண்ண பக்கத்துல ஆள் இருக்கான்னு பாத்து வாங்குங்க."