வெற்றிலையும் ஆறாத அழற்சியும்: நானாட்டான் வயல்வெளி குறித்துச் சில எண்ணங்கள்

முள் தைத்த கால் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, நோகிறது. அழற்சியின் இந்நான்கு குறிகளையும் உரோமானியராகிய செல்சசு கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தார். முள் நீங்கின் அழற்சியும் தணியும். அதே இடத்தில் முள் நாள்தோறும் பன்முறை தைக்குமாயின் யாது நிகழும்? உடலைக் காக்க எழுந்த அழற்சியே உடலைச் சிதைக்கத் தொடங்கும். புற்றுநோய் தோன்றும் இடங்களுக்கும் நாட்பட்ட அழற்சிக்கும் தொடர்புண்டென 1863ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் விர்க்கோ கருதினார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டியுள்ளன.

கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் நானாட்டான் போன்ற ஊர்களிலே வெற்றிலைக்கு இரு முகங்கள் உண்டு. வீட்டிலே அது விருந்தோம்பல். நீட்டிய தட்டத்தை மறுத்தல் உறவை மறுத்தலாகவே கொள்ளப்படும். வயலிலோ அது உழைப்பின் துணைக்கருவி. பாக்கிலுள்ள அரிக்கோலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் பசியை மந்தப்படுத்துகின்றன, உறக்கத்தைத் தள்ளுகின்றன. காலபோகத்தில் வெயிலிலே குனிந்து களை பிடுங்குவோருக்கும் இரவிலே பன்றிக்குக் காவலிருப்போருக்கும் அதனினும் மலிவான உதவி வேறு எளிதிற் கிட்டுவதில்லை.

ஆயின், வாயினுள் நிகழ்வது வேறு. பாக்கின் கரடான நார் கன்னத்தின் உட்சவ்வை உராய்ந்து புண்ணாக்குகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையிலே பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஒட்சியேற்றமடைய, மரபணுப் பொருளைத் தாக்கவல்ல ஒட்சிசன் வழிப்பொருள்கள் பிறக்கின்றன. அழற்சிக் கலங்கள் அவ்விடத்தே திரண்டு, மேலும் அத்தகைய பொருள்களைச் சுரக்கின்றன. அரிக்கோலின் இழையக் கலங்களைத் தூண்டக் கொலாசன் நார் மிகுதியாகப் படிகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்நாரை இறுகப் பிணைக்க உதவுகிறது. முதலில் காரமான கறி எரிக்கும். பின்னர் உட்கன்னம் வெளிறும். ஈற்றில் வாய் திறவாது. பழக்கத்தை விட்ட பின்னரும் இறுகிய நார் பெரும்பாலும் இளகுவதில்லை. கேரளத்து எர்ணாகுளத்தில் இந்நோயாளர் 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் கண்டதெனத் தெரிவித்தது.

புகையிலையைத் தவிர்த்தால் வெற்றிலை தீங்கற்றது என்னும் நம்பிக்கை நம்மிடையே இன்றும் உண்டு. 1985இல் புகையிலை கலந்த வெற்றிலையையே புற்றுநோய்க் காரணியென அறிவித்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2004இல் புகையிலை கலவாத வெற்றிலையையும் பாக்கையும் அவ்வரிசையிற் சேர்த்தது. 2016இல் இலங்கை மெல்லும் புகையிலைப் பண்டங்களைத் தடைசெய்தது. பாக்கை அத்தடை தொடவில்லை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் உள்ளது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

இதனைத் தனிமனிதனின் தீய பழக்கம் என்று கூறி ஒதுங்குவது நம்மவர்க்கு எளிது. அரைவயிற்றுடன் நாள் முழுதும் உழைக்க வேண்டியிருக்கும் வரை, பசியை அடக்கும் பொருளைக் கைவிடுமாறு கூறும் அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும்? மத்திய இலங்கையின் கிராமங்களில் ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் 34 பேர் ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தமை பற்றிய ஆய்வு 1984இல் வெளியாயிற்று. ஐயத்துக்குரிய மாற்றங்களை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டனர். ஆயினும், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் அரைவாசிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் நாட்கூலியாளருக்குக் கூலியற்ற நாள்.