நான்கு விநாடி அவகாசம்

பிறந்து ஒரு வாரமே ஆன, 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறத்தாழ 250 மில்லிதான். அந்தக் குழந்தையின் இதயத்தைத் திறந்து சரிசெய்ய, இரத்தத்தை வெளியே எடுத்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி தமனிக்குள் செலுத்த வேண்டும். அப்படிப் போகும் இரத்தத்தோடு ஒரு காற்றுக்குமிழ் போனால், அது மூளையின் நுண்ணிய நாளத்தை அடைத்துவிடக்கூடும்.

1955-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டிவால் அமைத்த கருவியில், ஆக்சிஜனைக் குமிழ்களாக நேரே இரத்தத்துக்குள்ளேயே ஊதினார்கள். பிறகு சிலிக்கோன் மருந்தால் நுரையை உடைத்து, சுருள் குழாய் ஒன்றில் இரத்தத்தை மெல்ல இறங்கவிட்டார்கள். குமிழ் நீங்கிய இரத்தம் கனம் கூடி அடியில் சேர்ந்தது. அந்த எளிய கருவி எத்தனையோ குழந்தைகளுக்கு உயிர் கொடுத்தது. இப்போது வாயுவும் இரத்தமும் நேராகக் கலப்பதில்லை. மெல்லிய நுண்குழல்களின் சுவர் வழியே ஆக்சிஜன் மாறுகிறது. ஆனாலும் காற்று வேறு வழிகளில் நுழையத்தான் செய்கிறது.

குழந்தைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் திரவம் குழந்தையின் இரத்தத்தை நீர்க்கச் செய்யும். அதனால் குழாய்களைக் குட்டையாக்கி, மெல்லியதாக்கி, பம்பை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் கையிருப்பு இரத்தமும் கூடவே சுருங்கிவிட்டது. நிமிடத்துக்கு 450 மில்லி ஓடும்போது, குழந்தையிடமிருந்து வரும் இரத்தம் சேரும் தேக்கக்கலத்தில் 30 மில்லி மிஞ்சியிருந்தால் அது காலியாக 4 விநாடி போதும். குழந்தைகளுக்குப் பெரிதும் பயன்படும் உருளை பம்புக்கு இரத்தமும் காற்றும் ஒன்றுதான். வருவதை அப்படியே தள்ளிவிடும். ஆகவே தேக்கக்கலத்தின் மட்டம் குறைந்தாலோ, குழாயைக் கடக்கும் மீயொலி குமிழைக் கண்டுபிடித்தாலோ, பம்பு தானாக நிற்கும்படி உணரிகளைப் பொருத்துகிறார்கள்.

என் பார்வையில் மிகவும் அழகான வேலை, அறுவை தொடங்குமுன் நடப்பது. காலிக் குழாய்களுக்குள் முதலில் கரியமில வாயுவைச் செலுத்தி, காற்றை வெளியேற்றுகிறார்கள். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. கரியமில வாயு சட்டென்று கரைந்துவிடும். அதனால் மூலையில் ஒட்டி நிற்கும் வாயுவும், திரவம் வந்ததும் மறைகிறது. அதற்குப் பிறகும், இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் இணைப்பு ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்ப்பார். குழந்தைக்குப் போகும் குழாயில் சுமார் 40 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டி இருக்கும்; குமிழ்கள் அதன் மேற்புறத்தில் சேர்ந்து, தனிக்குழாய் வழியே தேக்கக்கலத்துக்குத் திரும்பும். வடிகட்டியும் இடம் பிடிக்குமே என்று, அதை ஆக்சிஜன் ஏற்றும் கலத்துக்குள்ளேயே அமைத்த கருவிகள் வந்திருக்கின்றன.

திறந்த இதயத்துக்குள்ளும் காற்று தங்கும். அங்கேயும் கரியமில வாயுவைப் பாய்ச்சி, எக்கோவில் பார்த்துப் பார்த்து வெளியேற்றுவார்கள்.

இதய அறைகளுக்கிடையே ஓட்டை உள்ள குழந்தைக்கு இயந்திரம் மட்டுமே ஆபத்தல்ல. சிரைவழி வரும் சிறு குமிழை நம் நுரையீரல் பிடித்து நிறுத்திவிடும். இக்குழந்தைகளுக்கு அது ஓட்டை வழியே நேரே மூளைக்குப் போகலாம். அதனால் வார்டில் சாதாரண டிரிப் போடும் செவிலியரும், குழாயில் ஒரு குமிழ்கூட இல்லையென்று பார்த்த பிறகுதான் அதை இணைக்கிறார்.