நாவும் நாடும்

சேரன் செங்குட்டுவன் வடநாட்டின்மேற் படையெடுத்ததற்குக் காரணம் யாது என்று மாணாக்கரைக் கேட்டால், கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்துக் கல் வேண்டியிருந்தது என்பர். விடை பிழையன்று, ஆயினும் முழுமையுமன்று. கனகன், விசயன் என்னும் வடபுல மன்னர் இருவர், பிற மன்னரோடு விருந்திற் கூடியிருந்தபொழுது, தமிழரசரின் ஆற்றலை அறியாது இகழ்ந்து பேசினர் என்ற செய்தியும் அவன் செவிக்கு எட்டியிருந்தது. கல்லைக் கொணரவேண்டும் என்பதைப் பக்தி தீர்மானித்தது. அக்கல் யார் தலையில் ஏறவேண்டும் என்பதை அந்த இகழ்ச்சி தீர்மானித்தது. இளங்கோவடிகள் அவ்விருவரையும் நமக்கு அறிமுகஞ் செய்யும்போது அவர்தம் படைப்பெருமையை முன்வைத்தாரல்லர். நாவைக் காவாதவர் என்ற கருத்துப்பட ஓர் அடைமொழியையே சூட்டினார். காலந்தோறும் அவர்கள் அப்பெயராலேயே அறியப்படுகின்றனர்.

அண்மையில் வஞ்சிக் காண்டத்தின் இப்பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விருந்திலே பேசியது அவர்களுடைய சொந்தக் கருத்துத்தானே? அதற்காக இரண்டு பக்கத்துச் சனமும் சாகவேண்டுமா?" என்று வினாவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. யான் சிரிக்கவில்லை. இக்காலத்து அரசாங்கங்கள் தம் உத்தியோகத்தரின் வாய்த்தவற்றை மூடி மறைக்க முற்படும்போது சொல்லும் சமாதானமும் அதுவேயன்றோ? "அது அவர் தனிப்பட்ட கருத்து, அரசின் கருத்தன்று." அம்மாணவன் அறியாமலே பெரியதொரு வினாவைத் தொடுத்துவிட்டான். அவனுக்கு அன்று யான் சொல்லத் தொடங்கிய விடையையே ஈண்டு விரித்தெழுதுகின்றேன்.

விருந்து மண்டபங்கள் நம் காலத்திலும் ஆபத்தான இடங்களே. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் திகதி, மாஸ்கோ நகரிலுள்ள போலந்துத் தூதுவராலயத்தில் வரவேற்பு விருந்தொன்று நிகழ்ந்தது. சூயஸ் கால்வாய்ப் போரும், ஹங்கேரியிற் சோவியத்துப் படை புகுந்த செயலும் உலகத்தாரின் மனத்திலே ஆறாத புண்ணாயிருந்த காலம் அது. சோவியத்துத் தலைவர் நிக்கித்தா குருஷேவ் மேல்நாட்டுத் தூதுவர்களை நோக்கிப் பேசுகையில், நீங்கள் விரும்பினும் விரும்பாவிடினும் வரலாறு எம் பக்கமே, உங்களைப் புதைப்போம் என்னும் கருத்துப்பட உரைத்தார். நேட்டோ நாடுகள் பன்னிரண்டின் தூதுவரும், இஸ்ரேலின் தூதுவரும் எழுந்து வெளியேறினர்.

ருஷ்ய மொழி வழக்கில் அத்தொடர், "நீங்கள் மறைந்த பின்னும் நாங்கள் இருப்போம், உங்கள் ஈமக்கடனை முடிப்பவர் நாங்களே" என்றும் பொருள்படும் என்பர். முதலாளித்துவம் தனக்குக் குழிதோண்டுவோரைத் தானே உருவாக்குகின்றது என்பது மார்க்ஸ் வகுத்த கொள்கை. குருஷேவ் அதனையே மனங்கொண்டு பேசினார் எனலாம். ஆயினும் அணுகுண்டின் நிழலில் வாழ்ந்த மக்களின் காதில் அது கொள்கையாக விழவில்லை, கொலை மிரட்டலாகவே விழுந்தது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது சொல் எல்லையைக் கடந்துவிடுகின்றது. அச்சொல்லின் வழக்கும் தொனியும் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. 1959ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றபோதும் பத்திரிகையாளர் அத்தொடரையே எடுத்துக் கேட்டனர். 1963இல் யூகோஸ்லாவியாவில் அவர் தாமே அதனை நினைவுகூர்ந்து, அதனாலே தமக்குத் தொல்லை விளைந்தது என்றும், மண்வெட்டி கொண்டு யாரையும் புதைக்கப் போவதில்லை, உங்கள் தொழிலாளரே அதனைச் செய்வர் என்றும் விளக்க நேர்ந்தது. விருந்திற் சொன்ன ஒரு தொடருக்கு உரை எழுத ஏழாண்டு சென்றது.

வாயாற் பேசினாற்றானே இத்துன்பம், ஒருவருக்கு மட்டும் அந்தரங்கமாக எழுதினால் என்ன என்று கேட்பாருமுளர். அவர்க்கு விடையாக 1898ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உண்டு. அப்பொழுது கியூபாத் தீவு ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அங்கே விடுதலைக் கிளர்ச்சி மூண்டிருந்தது. ஸ்பெயின் தன்னாட்சி வழங்கி அமைதி தேட முயன்றது. அமெரிக்காவோ கிளர்ச்சியாளர்மீது இரக்கங் கொண்டிருந்தது. அந்நிலையில் வாஷிங்டனில் ஸ்பெயினின் தூதுவராயிருந்தவர் என்ரிக்கே டுபுய் டி லோம் என்பார். அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லியை மனவுறுதியற்றவர் என்றும், கூட்டத்தாரின் கைதட்டலுக்கு ஏங்குபவர் என்றும் பழித்து, ஹவானாவிலிருந்த தம் நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் களவாடப்பட்டது, கியூபாக் கிளர்ச்சியாளரின் கையை அடைந்தது, பெப்ரவரி 9ஆந் திகதி நியூயோர்க்கின் நாளிதழொன்றில் வெளிவந்தது. தூதுவர் பதவி துறந்தார். ஸ்பெயின் வருத்தந் தெரிவித்தது.

ஆறு நாள் கழித்து, பெப்ரவரி 15ஆந் திகதி, ஹவானாத் துறைமுகத்தில் நின்ற 'மெய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பின் காரணம் பிற்காலத்திலும் ஆராயப்பட்டு வந்துளது. ஆனால், ஸ்பெயினின் சொல்லைப் பொறுமையோடு கேட்பதற்கு அமெரிக்க மக்களிடையே அன்று விருப்பம் எஞ்சியிருக்கவில்லை. ஏப்ரல் மாதத்திற் போர் மூண்டது. ஆண்டு முடிவதற்குள் ஸ்பெயின் கியூபாவைக் கைவிட்டது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியனவும் அமெரிக்காவின் வசமாயின. அக்கடிதமே போரை விளைத்தது என்று கூறுதல் மிகையாகும். போருக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. நம்பிக்கை மிகமிக வேண்டப்பட்ட நாளிலே அக்கடிதம் நம்பிக்கையைக் கொன்றது என்பதே சரியான தீர்ப்பு. தீயை மூட்டியது அதுவன்று. அணைப்பதற்கென்று வைத்திருந்த நீர்க்குடத்தை உடைத்தது அது.

இனி, நம் அயலிலே நிகழ்ந்ததைக் காண்போம். 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இலட்சத்தீவுக்குச் சென்று, அங்கு எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். தம் நாட்டுச் சுற்றுலாவுக்குப் போட்டியாக அது செய்யப்பட்டது என எண்ணிய மாலைதீவின் பிரதி அமைச்சர் மூவர், அதே ஊடகத்தில் அவரை இழித்து எழுதினர். அவை அவரவர் சொந்தக் கருத்துக்கள், அரசின் கருத்தல்ல என்று மாலைதீவின் வெளிநாட்டமைச்சு அறிவித்தது. ஜனவரி 7ஆந் திகதி மூவரும் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். மறுநாள் புதுடில்லியிலிருந்த மாலைதீவுத் தூதுவர் இந்திய வெளிநாட்டமைச்சுக்கு அழைக்கப்பட்டார். மாலைதீவுக்குச் செல்லாதீர் என்ற கூக்குரல் இந்தியாவில் எழுந்தது.

2023இல் மாலைதீவுக்குச் சென்ற பிறநாட்டாருள் இந்தியரே முதலிடம் பெற்றிருந்தனர். அவர் தொகை 2 இலட்சத்துக்கு மேல். 2024இல் அது சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரமாக வீழ்ந்தது. இந்தியப் படையினரை வெளியேற்றும் பிணக்கும் அவ்வேளையில் நடந்தமையால், வீழ்ச்சி முழுவதையும் அம்மூவரின் தலையில் ஏற்றுதல் நீதியன்று. பிற நாட்டார் மிகுதியாக வந்தமையால் தீவு நட்டத்தில் மூழ்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அவ்வாண்டு மே மாதத்தில் மாலைதீவின் சுற்றுலா அமைச்சரே முன்வந்து, இந்தியர் வரவேண்டுமென்று வெளிப்படையாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஒக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி முகமது முய்சு இந்தியா சென்றார். 40 கோடி டொலர் பெறுமதியான நாணயப் பரிமாற்ற உதவி உடன்படிக்கையானது. 2025 ஜூலையில் மாலைதீவின் 60ஆவது சுதந்திர நாள் விழாவிற்கு மோடியே விருந்தினராகச் சென்றார். உறவு மீண்டது. ஆனால் சில வினாடியில் எழுதியதைத் துடைப்பதற்குப் பல மாதம் சென்றது. எழுதியவர் மூவர், இந்திய விருந்தினரை நம்பியிருந்த விடுதிக்காரரும் படகோட்டியும் சமையற்காரரும் எதையும் எழுதியவரல்லர்.

விருந்து, கடிதம், கைத்தொலைபேசி என இடம் மாறினாலும் பிழை ஒன்றே. பேசியவர் தம்மைத் தனி மனிதராக எண்ணிக்கொண்டார். கேட்டவரோ அவரை நாடாகக் கண்டார். பதவி என்பது ஒருவன் காலையிற் சூடி மாலையிற் கழற்றும் தலைப்பாகையன்று. அதனை ஏற்ற நாள்முதல் அவன் வாய்க்குத் தனிச்சொத்து என ஒன்று இல்லை. ஊரிலே வழக்காடும் இருவர் ஒருவரையொருவர் ஏசினால் பகை அவ்விரு வீட்டோடு நிற்கும். அமைச்சன் ஏசினால் அவனுடைய நாட்டுக் கடவுச்சீட்டை ஏந்திய ஒவ்வொருவனும் அதற்கு வட்டி கட்டுகின்றான். ஆகவே, "அது என் சொந்தக் கருத்து" என்னும் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. அம்மாணவனின் வினாவின் முற்பகுதிக்கு விடை இது.

அங்ஙனமாயின் அரசப் பணியாளர் பொய்யையும் புகழ்ச்சியையுமே பேசவேண்டுமோ என்று ஐயுறலாம். வேண்டியதில்லை. நம் இலக்கண நூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தனர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. உண்மையை இடமறிந்து உரைக்கும் முறைகளே. தூதுவரின் மொழியும் இத்தகையதே. இரு நாட்டமைச்சர் "மனந்திறந்து பேசினர்" என்று அறிக்கை வந்தால், அவர்தம்முட் கருத்து வேறுபாடு பெரிதும் இருந்தது என்பதைத் துறையறிந்தோர் உணர்வர். "ஆழ்ந்த கவலை" என்றால் அது கண்டனத்தின் முதற்படி. உண்மை சொல்லப்பட்டது, கதவும் அடைபடவில்லை.

சொல்லொன்றைத் தேர்வதனால் விளையும் நன்மைக்கு 1962 ஒக்டோபரே சான்று. அதே கியூபாத் தீவிற் சோவியத்து ஏவுகணைகள் வைக்கப்பட்டிருந்ததை அமெரிக்கா கண்டது. கப்பல்களைத் தடுத்து நிறுத்த ஜனாதிபதி கென்னடி முடிவுசெய்தார். அச்செயலை முற்றுகை என்று அழைத்தாற் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச்செயலாகும். ஆதலால், நோய் தொற்றிய கப்பலைத் துறைக்கு வெளியே நிறுத்திவைப்பதைக் குறிக்கும் சொல்லையே எடுத்து, 22ஆந் திகதி உரையில் அவர் கையாண்டார். செயல் கடுமையானது, சொல்லோ மறுபக்கத்தார் பின்வாங்குவதற்கு வழிவிட்டது. பின்னர் குருஷேவிடமிருந்து 26ஆந் திகதி இணக்கமான கடிதமொன்றும், மறுநாள் கடுமையான கடிதமொன்றும் வந்தன. கென்னடி முந்திய கடிதத்துக்கே வெளிப்படையாக மறுமொழி எழுதினார். பிந்தியதிற் கேட்கப்பட்ட, துருக்கியிலிருந்த ஏவுகணைகள் பற்றிய உறுதியை மறைவாக வழங்கினார். உலகம் பேரழிவினின்றும் தப்பியது.

மாணவனின் வினாவின் பிற்பகுதிக்கும் இங்கே விடையுண்டு. ஒருவன் நாத்தவறினான் என்பதற்காகச் சனம் சாகவேண்டுமா? வேண்டாம். சொல்வோனுக்குக் கடமை இருப்பதுபோலக் கேட்போனுக்கும் கடமையுண்டு. இரு சொல் வந்தபோது மெல்லிய சொல்லுக்கு விடையளிப்பது கோழைமையன்று. ஆளுமையின் உயர்நிலை அது.

நம் முன்னோர் தூதினை எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பதற்கு, வள்ளுவர் அதற்கெனப் பொருட்பாலில் ஓரதிகாரம் வகுத்தமையே போதும். தாமே வகுத்துரைப்போர், கூறியது கூறுவோர் எனத் தூதரை உரையாசிரியர் வேறுபடுத்தினர். அதியமான் தொண்டைமானிடம் தூதாக அனுப்பியது படைத்தலைவனையன்று, ஔவையை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அவனை ஏசவில்லை. தம் அரசன் வலிமையைப் பறைசாற்றவுமில்லை. உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலிற் பொலிகின்றன. எம் அரசன் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டடையிற் கிடக்கின்றன என்ற கருத்திற் பாடினார். புகழ்வதுபோலக் கேட்டது, போர் காணாத படை உன்னுடையது என்று பொருள்பட்டது. ஓர் இழிசொல்லும் இல்லை. ஓர் உண்மையும் மறைக்கப்படவில்லை.

நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போரிற் சிலர் நாளை அமைச்சுக்களிலும் தூதுவராலயங்களிலும் அமர்வர். சந்தி விதியும் வேற்றுமை உருபும் அவர் மறக்கக்கூடும். ஒரு சொல்லை வெளிவிடுமுன் அது யார் தலையில் ஏறும் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் மறவாதிருக்குமாயின், நாம் கற்பித்த இலக்கணம் வீண்போகாது. வினாவிய மாணவனை அன்று அருகழைத்து, கல் சுமந்தவர்கள் கனகனும் விசயனும் மட்டுமோ என்று கேட்டேன். சற்று நேரம் நின்றான். "இல்லை ஐயா, அவர்களோடு போருக்குப் போன பெயர் தெரியாத சனமுந்தான் சுமந்தது" என்றான். அவ்விடை எனக்குப் போதுமாயிருந்தது.